பழைய தராசைக் கொண்டு வாருங்கள்

நீங்கள் மூன்று பேரும் வருகிற திங்கட்கிழமை வேலை தொடங்குகிறீர்கள். நான் வெள்ளிக்கிழமையோடு போகிறேன். இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெறுகிறவள் என்று கூட வேலை செய்யும் கிரி கேலி செய்கிறான். ஏழு வருடம் ஒரே கவுண்டரில் நின்றவளுக்கு அந்தச் சொல் பொருந்தத்தான் செய்கிறது. என் கால்களைக் கேட்டுப் பாருங்கள்.

கடைத் திறப்புக் கோர்வை யாரிடம், வருபவரின் லைசென்ஸை எப்படிச் சரிபார்ப்பது, எந்த வெடிமருந்து எந்த அலுமாரியில் என்பதையெல்லாம் கிரி காட்டித் தருவான். அவற்றை நான் எழுதப் போவதில்லை. உங்கள் முதல் கிழமையிலேயே யாராவது ஒருவர் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, பின்னால் இருக்கும் தட்டைக் காட்டி, "உதுகளுக்குள்ள எந்த மெஷின் நல்லது?" என்று கேட்பார். அதற்கு நான் ஒருமுறை சொன்ன பதிலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

துப்பாக்கிக் கடை வேலைக்கு வந்துவிட்டு, தோட்டாவை வீட்டில் ஏன் நிரப்புகிறார்கள் என்று நேற்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டீர்கள். வெட்கப்பட வேண்டாம், நானும் கேட்டேன். குறி பார்த்துச் சுடுகிறவர்களும் மான் வேட்டைக்குப் போகிறவர்களும் சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கோதை எறிவதில்லை. துப்புரவாக்கி, அளந்த மருந்தை இட்டு, பாய்ந்துபோகும் தலையான புதுச் சன்னத்தை மேலே அழுத்தி மறுபடியும் பாவிக்கிறார்கள். எல்லாம் அந்த மருந்தின் நிறையில்தான் இருக்கிறது. அதற்கு அலகு கிறெயின். ஒரு கிறெயின் என்பது ஏறக்குறைய மூன்று அரிசி மணியின் பாரம். இரண்டு மூன்று கிறெயின் குறைந்தால் சன்னம் எங்கோ போகும். கூடினால் துப்பாக்கி சுடுகிறவரின் முகத்துக்குத் திரும்பும்.

பழைய ஆட்கள் இதைக் கைத்தராசில் நிறுப்பார்கள். ஒரு பக்கம் சிறு சட்டி, மறுபக்கம் கோலில் நகரும் எடை, முனையில் ஓர் ஊசி. மின்சாரம் வேண்டாம். மெஷின் வேறு மாதிரி. வேண்டிய எண்ணை அழுத்தினால் தானே மருந்தைச் சொரியும், தானே நிறுக்கும், தானே நிற்கும். தானே தானே என்று எழுதும்போது இப்போது கை கூசுகிறது. அப்போது அந்தச் சொல்லைப் போல இனித்த சொல் எனக்கு வேறில்லை.

நான் இயந்திரவியல் படித்தவள். படித்த வேலை கிடைக்கும்வரை என்று ரொறன்ரோவில் மில்லிக்கன் பக்கத்து இந்தப் பிளாசாவுக்கு வந்தேன். வந்த மூன்றாம் மாதமே தட்டிலிருந்த மூன்று மெஷின்களையும் கழற்றிப் பூட்டிவிட்டேன். எதன் குழாய் வேகமாகச் சுழலும், எது கடைசித் துகளை ஒவ்வொன்றாய் விடும் என்று மனப்பாடம். யாராவது வந்தால் விற்பேன் என்று சொல்ல முடியாது, பிரசங்கம் செய்வேன். அந்த வேகத்தில்தான், இங்கு வந்து ஐந்தாம் வருடம், ஒரு யோசனை வந்தது. பழைய கைத்தராசைக் கடையில் தந்தால் புது மெஷினின் விலையில் குறைப்பு. மேலாளருக்குப் பிடித்துப்போயிற்று. நானே மஞ்சள் மட்டையில் பெரிய எழுத்தில் இரண்டு மொழியிலும் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன்: பழைய தராசைக் கொண்டு வாருங்கள்.

பதினொரு தராசு வந்தது. பின்னறைத் தட்டில் ஒவ்வொன்றுக்கும் பெயர்த் துண்டு கட்டி அடுக்கி வைத்தேன். வேட்டைக்குப் போய்வந்தவள் போல அந்தத் தட்டைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அன்ரன் அங்கிள் வந்தது தை மாதத்து ஒரு சனிக்கிழமை. மன்னார் ஆள், வெக்ஸ்போர்டில் வீடு, ட்ரக் ஓட்டுகிறவர். அவரை எனக்கு முன்பே தெரியும். மருந்து வாங்க வருவார், அதிகம் பேசமாட்டார். அன்றைக்குக் கண்ணாடி மேசையில் வலது கையை வைத்துக்கொண்டு மெஷினையே பார்த்தார். அவர் மோதிரம் கண்ணாடியில் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. பொறுமையில்லாமல் தட்டுகிறார் என்று நினைத்தேன்.

"பிள்ளை, உது தானா மருந்து போடுமோ?"

"ஓம் அங்கிள். நீங்கள் நம்பரை அடிச்சிட்டுத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கலாம்."

"தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கவே ரெண்டு கை வேண்டிக் கிடக்கு" என்று சிரித்தார். அப்போதுதான் மோதிரச் சத்தம் அவர் தட்டுவதால் வரவில்லை என்று விளங்கியது.

"ஊசியைப் பாத்துப் போட ஏலாமக் கிடக்கு. சட்டியில பாதி, மேசையில பாதி. டொக்டர் குளிசை தந்திருக்கிறார்."

"அப்ப ட்ரக்?"

"ஸ்ரீயரிங்கை இறுக்கிப் பிடிச்சா நடுக்கம் தெரியாது. இன்னும் ஒரு வருசம் இழுப்பன். பிறகு ஜெனி எடுப்பாள்."

ஜெனி அவருடைய ஒரே மகள். இருபத்துமூன்று வயது. பாரமான வாகனம் ஓட்டும் லைசென்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவோடு சுடப் போவதும் அவள்தான். அந்த வீட்டின் அடுத்த பத்து வருடம் அந்தப் பிள்ளை ட்ரக்கில் ஏறுவதில்தான் நின்றது. அதை அவர் சொன்ன மாதிரியிலேயே தெரிந்தது.

நான் செய்து காட்டினேன். மெஷின் சொரிந்தது, மெதுவாகியது, கடைசித் துகளை விட்டது, மணி அடித்தது. அவர் குனிந்து சட்டிக்குள் பார்த்தார். பிறகு கேட்டார்.

"உது பிழை விட்டா எனக்கு எப்பிடித் தெரியும்?"

ஏழு வருடத்தில் இந்தக் கவுண்டரில் யாரும் கேட்ட மிகச் சரியான கேள்வி அதுதான். நான் சிரித்தேன்.

"உது பிழை விடாது அங்கிள். மனுசர்தான் பிழை விடுறது."

பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த கிரி சும்மா இருப்பானா? "அங்கிள், அவ உந்த மெஷினுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறா. மாப்பிள்ளையைக் குறை சொல்லிப்போடாதேங்கோ."

"அப்பிடியே? சீதனம் என்ன?"

"பழைய தராசு" என்று கிரி மஞ்சள் மட்டையைக் காட்டினான். மூன்று பேரும் சிரித்தோம்.

அவர் வீட்டுக்குப் போய் ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பி வந்தார். தராசைக் குளிக்கும் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இருபத்திரண்டு வருடம் பாவித்ததாம். மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் நின்றார்.

"உதை வைச்சிருக்கிறது நல்லமோ, பிள்ளை?"

"வைச்சு என்ன செய்யப்போறீங்கள்? இடத்தைத்தான் அடைக்கும்."

அவர் கையை எடுத்தார். நான் துண்டில் 'அன்ரன், வெக்ஸ்போர்ட்' என்று எழுதிக் கட்டினேன்.

ஐந்து கிழமை கழித்து, மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை, கடைக்குப் போன் எடுத்தார். கவுண்டரில் வரிசை கதவு வரைக்கும். ஒருவருக்குப் பற்றுச்சீட்டு அடித்துக்கொண்டே தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிப் பேசினேன்.

"பிள்ளை, வெறும் சட்டிக்கு மூண்டு, நாலு எண்டு காட்டுது."

"சீரோ பட்டனை அமத்துங்கோ அங்கிள்."

"அமத்தினனான். அப்ப சரி வருது. கொஞ்சத்தால சைபருக்குக் கீழ போகுது."

"அப்ப திரும்ப அமத்துங்கோ. குளிர்தானே, மெஷின் சூடேறக் கொஞ்ச நேரம் எடுக்கும்."

"ஒவ்வொருக்காலும் அமத்த வேணுமோ?"

"இடைக்கிடை அமத்தினாக் காணும்."

"சரி பிள்ளை. உமக்குத்தானே தெரியும்."

இவ்வளவுதான். மெஷின் எந்த இடத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னுமொரு நிமிடம் போயிருக்கும். வரிசையில் நின்ற ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குனி கடைசியில், ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு மணித்தியாலத் தூரத்தில் உள்ள சுடும் திடலில், ஜெனி அப்பா மெஷினில் நிரப்பிய தோட்டாவில் பதினெட்டைச் சுட்டாள். குளிருக்குப் பாதுகாப்புக் கண்ணாடியில் மூச்சுப் புகார் படிந்து மங்கியது. துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு நெற்றிக்கு ஏற்றினாள். பத்தொன்பதாவது வெடித்தபோது கோது பிளந்து, சூடான வாயுவும் பித்தளைத் துண்டும் பின்பக்கமாக வந்தன. வலது கண்.

ஞாயிற்றுக்கிழமை கிரிதான் எனக்குச் சொன்னான். அவனுக்கு வேட்டைக்காரர் யாரோ சொன்னது. "நீ வித்த மெஷின்தானே?" என்று கேட்கவந்து கேட்காமல் விட்டான். அதுவும் எனக்குக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை கடை திறந்த கையோடு அன்ரன் அங்கிள் வந்தார். ஐம்பது தோட்டா வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை மேசையில் வைத்தார். முப்பத்தொன்று மீதி இருந்தது. சவரம் செய்யாத முகம். ஆஸ்பத்திரிக் கதிரையிலிருந்து நேரே வந்திருந்தார்.

"உதுக்குள்ள என்ன பிழை எண்டு எனக்குத் தெரிய வேணும்" என்றார். சத்தம் போடவில்லை. மோதிரம் பெட்டியில் டக் டக் என்று அடித்தது. "நான் கோதைப் பிழையா எடுத்தனோ, மருந்தை மாறிப் போட்டனோ. பிள்ளைக்கு நான் என்ன செய்தனான் எண்டு தெரிய வேணும்."

அவர் போனபின் மேலாளர் என்னை உள்ளே கூப்பிட்டார். பெட்டியைத் தொடக்கூடாது, யாரிடமும் மன்னிப்புக் கேட்கக்கூடாது, கடையின் வழக்கறிஞர் திங்கட்கிழமை பதில் சொல்லும்வரை எதுவும் பேசக்கூடாது. அவர் கெட்டவரல்ல. எட்டுப் பேரின் வேலை அவர் தலையில் இருந்தது. நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

நீங்கள் இந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று தெரியாது. எனக்கும் அப்போது தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. பின்னறையில் பதினொரு தராசு இருந்தது. அப்படியென்றால் பதினொரு வீட்டில் மெஷினைத் தவிர வேறு தராசு இல்லை. அந்த வீடுகளில் நிரப்பிய தோட்டாக்கள் இருக்கும். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை இருந்தது. குளிர் விட்ட முதல் சனிக்கிழமை. எல்லோரும் சுடப் போவார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் கிரியைப் பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெட்டியை எல்லாப் பக்கமும் படம் எடுத்தோம். பதினாறு தோட்டாவைத் தொடாமல் உறையிலிட்டு ஒட்டி, இரண்டு பேரும் குறுக்கே கையெழுத்து வைத்தோம். மற்றப் பதினைந்தையும் கிரி ஒவ்வொன்றாகக் கழற்றினான். நான் கடையின் இலத்திரன் தராசை எடுத்து மின்சாரத்தில் செருகப் போனேன்.

"உதைச் சரியெண்டு எதால பாக்கப்போறாய்?" என்றான் கிரி. கேலியில்லை.

நான் தட்டைப் பார்த்தேன். முன்வரிசையில் 'அன்ரன், வெக்ஸ்போர்ட்' என்ற துண்டு தொங்கியது. அவருடைய தராசை இறக்கி, சோதனை எடைகளை வைத்துப் பார்த்தேன். ஊசி கோட்டில் நின்றது. இரண்டு மாதம் தூசு பிடித்தும் ஒரு மயிரிழை விலகவில்லை.

முதல் ஆறும் சரி. ஏழாவதை வைத்ததும் கோல் டக்கென்று கீழே போனது. எடையை நகர்த்தினேன். இன்னும் நகர்த்தினேன். மூன்றரைக் கிறெயின் கூட. எட்டாவது நான்கு கூட. ஒன்பதாவதும் அப்படி. பிறகு நான்கு சரி. பிறகு இரண்டு கூட. கிரி எண்ணைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவன் குரல் சிறுத்துக்கொண்டே போனது.

"மருந்து மாறேல்லை" என்றான். "ஒரே மருந்துதான். அளவுதான் வந்து வந்து போகுது. என்னடி வந்து வந்து போறது?"

எனக்கு அந்தப் போன் கதை காதில் விழுந்தது. சைபருக்குக் கீழ போகுது. வெறும் சட்டிக்கு நாலு காட்டியது ஏனென்றால் ஏதோ ஒன்று மேலிருந்து சட்டியை அழுத்தியது. அந்த நேரம் சீரோவை அமத்தினால் மெஷின் அந்த அழுத்தத்தையே வெறுமை என்று எடுத்துக்கொள்ளும். அழுத்தம் நின்றதும் நாலு கிறெயின் குறைகிறது என்று நினைத்து, அந்த நாலையும் மருந்தாகச் சொரியும். எண் மட்டும் சரியாக இருக்கும். மாசி மாதம் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் அடித்தள பேஸ்மென்றில் மேலிருந்து அழுத்தி அழுத்தி நிற்பது என்ன? வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் காற்று. ஓடும், நிற்கும், ஓடும். முதலாம் ஆண்டு மாணவிக்கே விளங்கும் கணக்கு.

"காத்து" என்றேன். "நான்தான் அமத்தச் சொன்னனான்."

கிரி சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே பையில் வைத்தான்.

மற்றப் பத்துப் பேரையும் அன்றைக்கும் புதன்கிழமையும் மத்தியானத்தில் கூப்பிட்டேன். கடைப் போனில் அல்ல. பிளாசாத் தரிப்பிடத்தில் என் காருக்குள் இருந்து, என் போனில். "நிரப்பி வைச்சதைச் சுடாதேங்கோ. உங்கட பழைய தராசு கடையில இருக்கு, வந்து எடுத்து ஒவ்வொண்டா நிறுத்துப் பாருங்கோ." சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் கடை மெஷினைத் திருப்பி எடுக்குமா என்றுதான் கேட்டார். டோர்செட் பார்க்கில் மாடி வீட்டில் இருக்கும் ஒருவர் சத்தமாகச் சிரித்தார்.

"பிள்ளை, நீங்கள்தானே பழசு இடத்தை அடைக்கும் எண்டனீங்கள்?"

"ஓம் அண்ணை. நான்தான் சொன்னனான். பிழையாச் சொல்லிப்போட்டன்."

சிரிப்பு நின்றது. மறுநாள் வந்து தராசை எடுத்துப் போனார். பின்னேரம் அவரிடமிருந்து போன். குரல் வேறு ஆளுடையது போல இருந்தது. "ஜன்னலுக்குக் கீழ ஹீற்றர். மேசை அதுக்குப் பக்கத்தில. அஞ்சு தோட்டா கூடக் கிடக்கு. சனிக்கிழமை மருமகனைக் கூட்டிக்கொண்டு போறதா இருந்தனான்."

மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கண்ணாடியில் இருந்த மஞ்சள் மட்டையைத் தன் கையாலேயே உரித்தார். அது முழுதாக வரவில்லை, மூலையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. தன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்றார். அது சரிதான். சொல்லியிருந்தால் பொறு என்றிருப்பார். நான் பொறுத்திருப்பேனோ என்ற பயத்தில்தான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை தராசை அதே துவாயில் சுற்றிக்கொண்டு வெக்ஸ்போர்டுக்குப் போனேன். ஜெனி கதவைத் திறந்தாள். வலது பக்கம் முழுக்கக் கட்டு.

"அக்கா, ஷூவைக் கழட்டிட்டு வாங்கோ. அம்மா காலமைதான் ஃப்ளோர் துடைச்சவ."

நான் வாசலில் நின்றபடியே ஏதோ சொல்லத் தொடங்கினேன், பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்தேன்.

"அழாதேங்கோ, ப்ளீஸ்" என்றாள். "நீங்கள் அழுதா நான் உங்களை ஆத்த வேணும். இந்தக் கிழமை முழுக்க அப்பாவை ஆத்தி எனக்கு டயர்டா இருக்கு."

பேஸ்மென்றில் அவருடைய மேசை நேர்த்தியாக இருந்தது. கருவிகள் வரிசையாக, கோதுகள் அளவுவாரியாக. மெஷின் நடுவில். நான் மெஷினுக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு காத்து நின்றேன். இரண்டு மூன்று நிமிடத்தில் சுவருக்குப் பின்னால் ஃபேர்னஸ் உறுமித் தொடங்கியது. கூரையிலிருந்த துவாரத்திலிருந்து சூட்டுக்காற்று என் புறங்கையில் இறங்கியது. மெல்லிய காற்று. விளக்கை அணைக்கக்கூடப் போதாது.

எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்துப் பார்த்த எண்களைக் காட்டினேன். போனில் அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று சொன்னேன். எதையும் மென்மைப்படுத்தவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது அதுதானே. தான் மருந்தை மாற்றிப் போட்டேனோ என்று இனி அவர் வதைபடத் தேவையில்லை என்று நினைத்தேன். அவர் ஆறுதலடைவார் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அவர் ஸ்ரூலில் இருந்தார். இரண்டு கையையும் தொடைகளுக்குக் கீழே வைத்திருந்தார், நடுங்காமல் இருக்க.

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"இருபத்திரண்டு வருசம் நிறுத்தனான். இவ்வளவு மருந்து சட்டியில கிடந்தா எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியாதே? கூடத்தான் கிடந்தது. கண்டனான். கோதில போட்டு ரோர்ச் அடிச்சும் பாத்தனான். மற்றதுகளை விட ஒரு நூல் உயரம். மனம் ஒருமாதிரித்தான் இருந்தது. திரும்ப நம்பரைப் பாத்தன். நம்பர் சரி." நிறுத்தினார். "நிறுத்துப் பாப்பம் எண்டு கை தராசு இருந்த இடத்துக்குப் போனது. அங்க ஒண்டும் இல்லை. அப்ப நீர் சொன்னது நினைவு வந்தது. உது பிழை விடாது, மனுசர்தான் பிழை விடுறது எண்டு. படிச்ச பிள்ளை சொல்லுது. என்ரை கண்தான் வயசுக்குப் பிழையாக் காட்டுது எண்டு நினைச்சன்."

படிக்கட்டில் ஜெனி நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"அப்பா, போதும்" என்றாள்.

"அவ கேக்க வந்தவ. கேக்கட்டும்."

பெரிய வாகன லைசென்ஸ் இனிக் கிடைக்காது, அதற்கு இரண்டு கண்ணும் வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டதாக ஜெனிதான் சொன்னாள். வானிலை சொல்வது போலச் சொன்னாள். அன்ரி மேலே குசினியில் பைப்பைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் என்னோடு ஒரு சொல்லும் பேசாதவர் அவர்தான். அது நியாயம்.

துவாயைப் பிரித்துத் தராசை மேசையில் வைத்தேன். அங்கிள் அதைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

"கொண்டுபோம். என்ரை கைக்கு உது சரிவராது. வேற ஆரும் இந்த வீட்டில இனித் தொடாயினம்."

"துவாயை வைச்சிட்டுப் போங்கோ" என்றாள் ஜெனி. "அது அம்மான்ரை."

இது நடந்து இரண்டு வருடமாகிறது. ட்ரக்கை விற்றுவிட்டார்கள். ஜெனி ஒரு ட்ரக் கம்பனியின் அலுவலகத்தில் இருந்துகொண்டு மற்றவர்களின் ட்ரக்குகளுக்குப் பாதை சொல்கிறாள். நான் வேலையை விடப்போகிறேன் என்றபோது மேலாளர் இருக்கச் சொன்னார். இருந்தேன். போகிற கவுண்டரை விட நிற்கிற கவுண்டர் கடினம் என்றுதான் இருந்தேன். இப்போது போதும்.

ஆக, எந்த மெஷின் நல்லது? தட்டில் உள்ள மூன்றும் நல்லவை. ஒன்று கொஞ்சம் வேகம், ஒன்று கொஞ்சம் சத்தம் குறைவு, ஒன்றில் மருந்தை வெளியே எடுப்பது சுலபம். அதைச் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிடம் போதும். மிச்ச நேரத்தில் மேசை எங்கே, மேலே என்ன, பக்கத்தில் என்ன என்று கேளுங்கள். சூட்டுக்காற்றோ மின்விசிறியோ இருந்தால் மேசையை மாற்றும்வரை பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய தராசு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதை விடவேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் அவர் ஒரு கைத்தராசு வாங்காமல் மெஷினை விற்காதீர்கள். மேலாளர் இதற்கு உடன்பட்டிருக்கிறார், எழுத்தில் இருக்கிறது. கண்ணும் எண்ணும் ஒத்துவராதபோது கண்ணை நம்பி நிறுத்தச் சொல்லுங்கள். வீணாய்ப் போனால் ஒரு பின்னேரம்தான் வீண்.

அன்ரன் அங்கிளின் தராசு கவுண்டரின் இடது மூலையில் இருக்கிறது. பெயர்த் துண்டை நான் கழற்றவில்லை, நீங்களும் கழற்ற வேண்டாம். விலை கேட்பார்கள். விற்பனைக்கு இல்லை என்று சொல்லுங்கள். மெஷினை ஓட்டிக் காட்டும்போது, அது மணி அடித்து நின்றதும், சட்டியிலுள்ள மருந்தை அப்படியே இந்தத் தராசில் இட்டுக் காட்டுங்கள். கோல் கொஞ்ச நேரம் மேலும் கீழும் ஆடும். வாங்க வந்தவர் மணிக்கூட்டைப் பார்ப்பார், பின்னால் வரிசை நீளும், போன் அடிக்கும். அடிக்கட்டும். ஊசி நிற்கும்வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.